பொன் வேய்ந்தவன் தேக்கிய தண்ணீர்

சிதம்பரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நடராஜரைத் தரிசித்துவிட்டு, பிச்சாவரத்தில் படகு ஏறி இறங்கிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். இரண்டுமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் அங்கிருந்து மேற்கே கிட்டத்தட்ட 25 கிலோமீட்டரில் காட்டுமன்னார்கோயில், அதை ஒட்டி வீராணம் ஏரி. தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று செப்பேடுகள் புகழ்கிற முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி அது. அவன் போட்ட பொன்னைப் பார்க்க உலகமே வருகிறது. அவன் காலத்தில் தேக்கிய தண்ணீரைப் பார்க்க யாரும் மெனக்கெட்டு வருவதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். என்னைக் கேட்டால் பொன்னைவிடப் பெரிய கொடை இந்தத் தண்ணீர்தான். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் சோறு போடுகிறதே!

எனக்குக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. ஒரு பக்கம் சிதம்பரம் ரோடு, மறுபக்கம் உப்பனாறு, நடுவில் புகைபோக்கிகள். சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் கெட்டு, குடிக்கிற தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய நிலை. நல்ல தண்ணீரின் அருமை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வார ஓய்வு கிடைத்தால் விடிவதற்கு முன்பே பைக்கை எடுத்துவிடுவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், சிதம்பரம் என்று போய், காட்டுமன்னார்கோயில் தாண்டி லால்பேட்டையில் கரை ஏறும்போது வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கும். அந்த நேரத்து வீராணத்துக்கு ஈடாக இந்த மாவட்டத்தில் வேறொன்றும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

கரை மேல் நின்று பார்த்தால்தான் இந்த ஏரி புரியும். வடக்கு நோக்கிப் போனால் இடது கைப்பக்கம் தண்ணீர். எதிர்க்கரை தெரியாது. மேற்கே வானமும் தண்ணீரும் ஒட்டுகிற இடத்தில் பனைமரங்கள் புள்ளி புள்ளியாக நிற்கும், அவ்வளவுதான். வலது கைப்பக்கம் திரும்பினால் வயல். அந்த வயல் ஏரித் தண்ணீரைவிடத் தாழ்வாகக் கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறபோது உடம்பு சிலிர்க்கும். ஒரே கரை, இந்தப் பக்கம் மேலே தண்ணீர், அந்தப் பக்கம் கீழே நடவு. மதகைத் திறந்துவிட்டால் போதும், மோட்டாரும் கரண்டும் இல்லாமல் தண்ணீர் தானாக இறங்கி வாய்க்கால் வழியே வயலுக்குப் போய்விடும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்து, கிழக்குப் பக்கம் சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணைக் கொட்டி அணைத்திருக்கிறார்கள்.  மேற்கே மேட்டு நிலம்.

இதை வைத்துத்தான் இன்றைக்கும் 44,856 ஏக்கர் பாசனம் பெறுகிறது. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. செய்தித்தாளில் 'வீராணம் 47.50 அடியை எட்டியது' என்று போடுவதைப் படித்துவிட்டு, ஏரி நாற்பத்தேழு அடி ஆழம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது மட்டக் கணக்கு, ஆழம் அல்ல. உண்மையில் வீராணம் ஆழமில்லாத ஏரி. நீளத்துக்கும் அகலத்துக்கும்தான் அது பெரியது. ஆழமில்லாததுதான் அதன் செழிப்புக்கே காரணம். வெயில் அடிமண் வரை இறங்கும். பாசி, கோரை, தாமரை, நத்தை, புழு, பூச்சி எல்லாம் பெருகும். அதைத் தின்ன மீன், மீனைத் தின்னப் பறவை. காற்று அடிக்கிற நாளில் இதே ஆழமில்லாத தண்ணீர்தான் கடல் மாதிரி அலை எழுப்பிக் கரையில் மோதும். ஆடிக் காற்றில் அங்கே போய் நின்றிருக்கிறேன். சட்டை நனைந்துவிட்டது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தொடர்ந்து போய்ப் பார்த்த பிறகு என் பிரியம் இரட்டிப்பாகிவிட்டது. மேட்டூரில் திறந்த காவிரி, முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, அணைக்கரைக்கு வருகிறது. அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் திட்டமிட்ட கீழணை. அதிலிருந்து வடக்கே பிரிகிற வடவாறு சுமார் 22 கிலோமீட்டர் ஓடி வீராணத்தில் சேர்கிறது. ஆக குடகு மலையில் பெய்த மழை, அத்தனை அணையும் தாண்டி, கொள்ளிடத்தின் வடகரைக்கு வந்து நம் மாவட்டத்தில் தேங்குகிறது. போதாதற்கு அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து மழைத் தண்ணீர் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக வந்து சேரும். ஐப்பசி கார்த்திகையில் அந்த ஓடைகள் செம்மண் கரைத்துக்கொண்டு வருவதைப் பார்க்க வேண்டும். ஏரியின் ஒரு பாதி செம்மண் நிறம், மறுபாதி காவிரி நிறம். மிஞ்சிய தண்ணீர் லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடை வழியாகவும், வடகோடியில் சேத்தியாத்தோப்பு பக்கத்து மதகு வழியாக வெள்ளாற்றுக்கும் போய்விடும். வருகிற வழி, போகிற வழி எல்லாம் தீர யோசித்துச் செய்த வேலை.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். பராந்தகன் 907 முதல் 955 வரை ஆண்டவன். வீரநாராயணன் என்பது அவன் விருதுப்பெயர். அந்தப் பெயர்தான் ஊருக்கும் ஏரிக்கும் வந்தது. அவன் மூத்த மகன் ராஜாதித்தன், வடக்கே ராஷ்டிரகூடப் படையெடுப்பை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு காத்திருந்தான். போர் இல்லாத நாட்களில் அந்தப் படைவீரர்களை வைத்து வெட்டிய ஏரி இது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். படைவீரன் கையில் மண்வெட்டி! எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத கதை. 949-இல் தக்கோலத்தில் போர் மூண்டது. யானை மேல் இருந்தபடியே ராஜாதித்தன் மாண்டான். சோழப் படை தோற்றது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் அந்த வெற்றி இன்று வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பத்தி. தோற்றுப்போன இளவரசனின் ஏரியில் இந்த வருஷமும் தண்ணீர் நிற்கிறது. இலங்கையில் பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தைப் பற்றிப் பேசாத சுற்றுலா நூல் இல்லை. அதைக் கட்டிய பராக்கிரமபாகு அரியணை ஏறுவதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே வீராணம் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரை ஊரான காட்டுமன்னார்கோயில், அதாவது அன்றைய வீரநாராயண சதுர்வேதிமங்கலம், தனியாக ஒரு நாள் கேட்கும் ஊர். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இதுதான். அவர் பேரன் ஆளவந்தாரும் இங்கேதான். அதே ஊரில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்யச் சொல்லும் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கல்கி 1950-இல் 'பொன்னியின் செல்வன்' எழுதத் தொடங்கியபோது, கதாநாயகன் வந்தியத்தேவனை ஆடிப்பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரையில்தான் குதிரையில் வரவிட்டார். அந்த நாவலைப் படித்து உருகியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் கரையில் வந்து நின்றிருக்கிறார்கள்? ஆடிப்பெருக்குக்கு ஒரு முறை வந்து பாருங்கள். தண்ணீர் வந்த வருஷமாக இருந்தால், கல்கி ஏன் இங்கே தொடங்கினார் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் வீராணத்தைச் சொல்லி முடிக்க முடியாது. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் குஞ்சு விட்டு வளர்ப்பவை. வலையில் எடை காட்டுவதும், வியாபாரிக்குப் பணம் கொடுப்பதும் அவைதான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, நம் ஊர்ப் பேச்சில் ஜிலேபிக் கெண்டை, இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான். என் மனசு போவது நாட்டு மீன்களிடம். விரால், குறவை, கெளுத்தி, தேளி, ஆரால், வாளை, சேல்கெண்டை. தேளியைக் கையால் பிடிக்கிறவருக்கு ஒரு தனி நிதானம் வேண்டும். அதன் பக்கமுள் குத்தினால் ஒரு பகல் முழுக்கக் கடுக்கும். ஆரால் சேற்றுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு புதைந்து கிடக்கும்.

பனையேறிக் கெண்டை என்று ஒன்று உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெரியவர்கள் மழைநாளில் அது வரப்பின் மேல் நெளிந்து போவதைப் பார்த்த கதை சொல்வார்கள். செவுள் மூடியில் இருக்கிற முட்களைத் தரையில் ஊன்றி ஊன்றி நகரும். காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு இருக்கிறது. நம் கடற்கரையில் தெற்கே இருக்கிற தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர், 1791-இல் ஏரிக்கரைப் பனைமரம் ஒன்றின் ஈரப் பொந்திலிருந்து இந்த மீனைப் பிடித்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். 1797-இல் அச்சானது. உலகம் வியந்த அந்த மீன் நம் வாய்க்காலில் சாதாரணமாகத் திரிகிறது என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

விராலுக்கு வருகிறேன். இந்த ஏரியின் ராஜா அதுதான். பாம்புத் தலை, கருத்த முதுகு, வெளுத்த வயிறு, உருளையான உடம்பு. பாதி குடத் தண்ணீரில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஏனென்றால் அதுவும் காற்றைக் குடிக்கிற மீன். நேர்மாறாக, மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அடக்கி வைத்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஒரு மழைக்காலக் காலையில், கந்தகுமாரன் பக்கம் கரைச் சரிவில் கோரை விலகிய இடத்தில் தண்ணீர் கொதிப்பது போல் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். நெல்மணி பெருசுக்கு நூற்றுக்கணக்கான குஞ்சுகள், செங்கல் பொடி நிறம், ஒரு பந்தாகத் திரண்டு மேலே வந்து, ஒரே சமயத்தில் காற்றை வாங்கிக்கொண்டு, ஒரே சமயத்தில் கீழே இறங்கின. மறுபடியும் மேலே. அந்தப் பந்துக்கு அடியில், இருட்டாக, அசையாமல் ஒரு நீளமான உருவம். காவலுக்கு நிற்கிற விரால். அருகே ஒரு தவளை குதித்ததும் அந்த உருவம் அம்பாகப் பாய்ந்தது. தவளை தப்பித்ததா என்று பார்ப்பதற்குள் மறுபடி குஞ்சுகளுக்கு அடியில் வந்து நின்றுவிட்டது.

பக்கத்தில் தூண்டிலோடு இருந்த பெரியவரிடம், "ஐயா, அவ்ளோ பெரிய விரால் கண்ணெதிர்ல நிக்குதே?" என்றேன்.

"அத வுடு தம்பி. புள்ளைங்கள மேய்க்கிற நேரம். இத அடிச்சா அத்தன குஞ்சும் போச்சு. மத்த மீனெல்லாம் சுத்தி நின்னு தின்னுட்டுப் பூடும்."

குஞ்சு மேய்க்கிற விரால் ஆத்திரத்தில் எதைப் போட்டாலும் கடிக்கும், பிடிப்பது சுலபம். தெரிந்தும் அவர் தூண்டிலை அந்தப் பக்கம் வீசவில்லை. மீன்வளத்தைக் காப்பது பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசுகிறார்கள். அவர் சொன்ன இரண்டு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

பறவைகளை நான் மீனுக்கு அடுத்தபடியாகத்தான் கற்றுக்கொண்டேன். மார்கழி, தை மாதங்களில் கரையில் நின்றால் நடுத்தண்ணீரில் கறுப்புப் பொட்டு பொட்டாக மிதப்பவை நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளை நாமம். நீர்க்காகங்கள் பட்டுப்போன மரக்கிளையில் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கும். நத்தைகுத்தி நாரைகள் வயலுக்கும் ஏரிக்கும் போய் வரும். அவற்றின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். நத்தையைப் பிடித்து உள்ளே இருக்கிறதை வெளியே இழுக்க அந்த அமைப்பு. தாமரை இலை மேல் நடக்கிற நீளவால் இலைக்கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? இலை அமிழாமல் இருக்க விரல்கள் அவ்வளவு நீளம். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண். அதே இலைக்கு அடியில் விராலும் காவல் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இந்த ஏரி முழுக்கப் பிள்ளை வளர்க்கிற தகப்பன்மார்!

சென்னைக்காரர்களுக்கு ஒரு சேதி. உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் வீராணத்துக்கும் பங்கு உண்டு. 1960-களின் கடைசியில் ஒரு திட்டம் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது. ராட்சதக் குழாய்கள் சாலையோரம் பல வருஷம் கிடந்து, வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடும்பம் நடத்திய காலம் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2004-இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. சேத்தியாத்தோப்பு அருகே இறைத்து, வடக்குத்துவில் சுத்திகரித்து, சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் போரூர் வரை போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகிற திறன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகளெல்லாம் வெடித்துக் கிடந்தபோது வீராணம் கைகொடுத்தது. பத்தாம் நூற்றாண்டில் போட்ட மண்கரை, இருபத்தோராம் நூற்றாண்டு நகரத்தின் தாகத்துக்கு நிற்கிறது. இதைவிட என்ன பெருமை வேண்டும் ஓர் ஏரிக்கு?

ஆனால் வீராணம் எப்போதும் நிறைந்து கிடப்பதில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில், கோடையில் அடிமண் தெரியும். வெடிப்பு விட்ட தரையில் மாடு மேயும். ஓடைகள் கொண்டுவருகிற வண்டல் வருஷா வருஷம் படிந்து, ஏரி கொள்கிற தண்ணீரைத் தின்றுகொண்டே வருகிறது. தூர் வாருவது என்பது தேர்தலுக்குத் தேர்தல் பேசிவிட்டு விடுகிற விஷயமாக இருக்கக் கூடாது. படைவீரர்களை வைத்து வெட்டியதாகச் சொல்கிற ஏரியை, இத்தனை இயந்திரங்கள் வைத்திருக்கிற நாம் தூர்த்துவிடக் கூடாது. எங்கள் சிப்காட்டுக்குப் பக்கத்திலேயே பெருமாள் ஏரி இருக்கிறது, பரவனாற்றுத் தண்ணீர் சேர்கிற பெரிய ஏரி. அதுவும் வண்டலில் மேடாகிக்கொண்டிருக்கிறது. வீராணத்தைப் பார்த்துவிட்டு வருகிற ஒவ்வொரு முறையும் பெருமாள் ஏரிக்கும் நல்ல காலம் வர வேண்டும் என்றுதான் நினைப்பேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தண்ணீரைப் பார்க்க ஆவணி முதல் தை வரை. பறவை பார்க்க மார்கழி, தை. காலை எட்டு மணிக்கு முன்பே கரையில் இருங்கள். அதற்குப் பிறகு வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு அடிக்கடி பஸ் உண்டு. அங்கிருந்து லால்பேட்டை வழியாகச் சேத்தியாத்தோப்பு போகிற பஸ் ஏறி, இடதுபக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டால் ஏரி கூடவே வரும். பைக்கில் போனால் இன்னும் நல்லது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். லால்பேட்டையில் வெற்றிலைக் கொடிக்கால்களை எட்டிப் பாருங்கள், ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த இலை. திரும்பும்போது நான் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக வருவேன்.

கரையோரம் சாக்கு விரித்து மீன் விற்பார்கள். விரால் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள், உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விற்கிற அக்காவிடமே ஆய்ந்து தரச் சொல்லிவிடுங்கள். சாம்பலைத் தொட்டு வழவழப்பு போக அவர் தேய்க்கிற தேய்ப்பு நமக்கு வராது. அன்றைக்கே குழம்பு வையுங்கள், மாங்காய் இரண்டு துண்டு போட்டு, புளியைச் சற்றுக் குறைத்து. சாப்பிடுவது மட்டும் மறுநாள் காலையில், பழைய சோற்றோடு.